ஆளில்லா அறையில் எழும் அபயக்குரல்

நமது அன்றாட வாழ்வில் நம் கண்ணுக்குப் புலப்படாத ஊழியர்கள் பலர் உள்ளனர். நள்ளிரவில் பணம் வழங்கும் ஏ.டி.எம். இயந்திரம், இரயில் நிலையத்தில் வண்டிகளின் வருகையை அறிவிக்கும் பலகை, வங்கிக் கணக்குகளைப் பொழுது விடியுமுன் சரிபார்த்து முடிக்கும் சர்வர், மின்சாரப் பாதைகளை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும் கருவி ஆகிய யாவற்றுக்கும் உள்ளே இருப்பவை கணிப்பொறிகளே. இவற்றின் முன்னே பெரும்பாலும் நாற்காலி இல்லை; நாற்காலி இருந்தாலும் அதில் ஆள் இல்லை. பூட்டிய அறைகளில் இவை தாமாகவே இரவும் பகலும் இயங்குகின்றன.

பச்சைக் குழந்தைக்கு வயிறு வலித்தால் அழுகிறது. கணிப்பொறிக்குக் கோளாறு நேர்ந்தால் அதுவும் தன் வழியில் ஒரு செய்தியை எழுப்புகிறது. இதனையே பிழைச்செய்தி என்கிறோம். ஆனால், ஆளில்லாத அறையில் எழும் அழுகுரலைக் கேட்பவர் யார்? இக்கேள்வி பொறியியல் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. பிழைச்செய்திகள் உரியவர் செவிக்கு எட்டாமற் போனதால் பெரும் நிறுவனம் ஒன்று நிலைகுலைந்ததுண்டு. ஐந்து கோடி மக்கள் இருளில் ஆழ்ந்ததுண்டு. மருத்துவமனையில் நோயாளி உயிரிழந்ததும் உண்டு. ஆகவே, இதனை நம் குடும்பங்களும் ஓரளவு அறிந்திருப்பது நலம்.

பதிலுக்காகக் காத்திருக்கும் பெட்டி

மேசைக் கணிப்பொறியைக் கையாள்பவர்கள் யாவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். வேலையின் நடுவே திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. ஏதோ ஒரு பிழை நேர்ந்ததாக அதில் இரண்டு வரிகள். கீழே 'ஓகே' என்னும் பொத்தான். அப்பொத்தானை அழுத்தும் வரையில் அந்தப் புரோகிராம் மேற்கொண்டு ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை. எதிரே மனிதர் அமர்ந்திருக்கும்போது இது நியாயமான ஏற்பாடு. எதிரே எவரும் இல்லாதபோதோ இதுவே வினையாகிறது. வெள்ளிக்கிழமை மாலை தோன்றிய பெட்டி திங்கட்கிழமை காலைவரை பதிலுக்காகக் காத்து நிற்கும். அதன் பின்னே நடந்தேற வேண்டிய வேலைகள் அனைத்தும் வரிசையில் தேங்கும். இயந்திரம் பழுதாகவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை, அவ்வளவே.

இதிலும் விசித்திரமான நிலை ஒன்று உண்டு. கணிப்பொறியில் எவரும் உள்நுழையாதபோதும் திரைக்குப் பின்னால் இயங்கிக் கொண்டிருக்கும் புரோகிராம்கள் சில உள்ளன. விண்டோஸில் இவற்றைச் 'சர்வீஸ்' என்பர். 2006ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கும் வெளிவந்த விஸ்டா முதற்கொண்டு, இச்சர்வீஸ்கள் பாதுகாப்பை முன்னிட்டுத் தனியானதோர் அரங்கில் வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து ஒரு சர்வீஸ் பிழைப்பெட்டியை எழுப்பினால், கணிப்பொறியின் முன்னே ஆள் அமர்ந்திருந்தாலும் அது அவர் கண்ணில் படாது. சுவருக்கு அப்பால் நின்று ஒருவர் கதவைத் தட்ட, வீட்டார் இப்பால் உறங்கிக் கொண்டிருப்பதற்கு இது ஒப்பாகும்.

எனவே, ஆளில்லாக் கணிப்பொறிக்கு முதல் விதி இது: அது யாரையும் கேள்வி கேட்டுக் காத்து நிற்கக் கூடாது. என்.டி. வழிவந்த விண்டோஸில் இதற்கென்றே 'எர்ரர்மோடு' என்னும் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 0 எனில், கடும் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் தோன்றிப் பதிலுக்காகக் காத்திருக்கும். 1 எனில், கணிப்பொறியின் அடிப்படை அமைப்பிலிருந்து எழும் பிழைகள் மட்டும் பெட்டியில் தோன்றாமல் நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதப்படும். 2 எனில், பிழை எங்கிருந்து எழுந்தாலும் பதிவேட்டிற்கே செல்லும்; வேலை தொடரும். ஆயினும், ஒரு புரோகிராம் தன் விருப்பப்படி தானே வரைந்து காட்டும் சாதாரணக் கேள்விப் பெட்டிகளை இவ்வமைப்பு கட்டுப்படுத்துவதில்லை. அத்தகைய புரோகிராம்களை எழுதுவோரே ஆளில்லா நிலையை முன்கூட்டி எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும்.

மறைத்தால் போதுமா?

பெட்டியை மறைத்துவிட்டோம், வேலையும் நிற்காமல் நடக்கிறது. இத்துடன் கவலை தீர்ந்ததா? இல்லை. அழும் குழந்தையின் வாயைப் பொத்துவது வைத்தியம் ஆகாது. பெட்டியை மறைப்பவர், அச்செய்தி வேறோர் இடத்தில் எழுதப்படுவதையும், எழுதப்பட்டதை ஒருவர் படிப்பதையும் உறுதி செய்ய வேண்டும். 1980களில் எரிக் ஆல்மன் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய 'சிஸ்லாக்' என்னும் முறை இவ்வகையில் இன்றும் வழிகாட்டியாக விளங்குகிறது. அது செய்திகளை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. 0 என்றால் இயந்திரமே பயனற்றுப் போகும் பேராபத்து. 7 என்றால் பொறியாளரின் ஆராய்ச்சிக்கு மட்டும் உதவும் சிறு குறிப்பு. எந்தப் படியில் உள்ள செய்தி ஏட்டில் உறங்கலாம், எந்தப் படியில் உள்ளது மனிதரை எழுப்ப வேண்டும் என்று அமைதியான வேளையிலேயே முடிவு செய்துகொள்ள இப்பிரிவினை துணை செய்கிறது.

பதிவு வைத்திருப்பதன் அருமையை விண்வெளியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நன்கு விளக்கும். 1997 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. அதைவிட ஆளில்லாத கணிப்பொறியை நாம் கற்பனை செய்யவும் இயலாது. பூமியிலிருந்து ஒரு கட்டளை அங்கே சென்று சேரவே பத்து நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. இறங்கிய சில நாட்களில் அக்கலத்தின் கணிப்பொறி திடீர் திடீரெனத் தன்னைத்தானே அணைத்து மீண்டும் இயக்கிக் கொள்ளத் தொடங்கியது. உயர்ந்த முன்னுரிமை பெற்ற ஒரு பணி, தாழ்ந்த முன்னுரிமை பெற்ற பணி பிடித்து வைத்திருந்த பொதுச் சாதனத்திற்காகக் காத்திருந்தது. அத்தாழ்ந்த பணியை முடிக்கவிடாமல் நடுத்தரப் பணிகள் இடையில் புகுந்தன. முக்கியமான வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட உட்காவல் அமைப்பு, கணிப்பொறியை முதலிலிருந்து இயக்கியது. கலம் உயிர் பிழைத்தது அந்தக் காவலால்தான். ஆனால், நோய் இன்னதென்று கண்டுபிடிக்க உதவியவை வேறு. பொறியாளர்கள் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் வசதியைக் கலத்தின் புரோகிராமிலிருந்து நீக்காமல் விட்டு வைத்திருந்தனர். கலத்தில் உள்ளதைப் போன்ற கணிப்பொறியைப் பூமியிலும் வைத்திருந்தனர். அதில் அதே கோளாறை மீண்டும் நிகழச் செய்து காரணத்தைக் கண்டு, சிறியதொரு திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். அதன்பின் அத்தொல்லை நீங்கிற்று. அங்கே இயந்திரம் தனித்திருந்தது. ஆனால், அதன் சொல்லைப் பொறுமையோடு கேட்க மனிதர்கள் இங்கே இருந்தார்கள்.

தொண்ணூற்றேழு கடிதங்கள்

எழுதப்பட்ட செய்தி உரியவரிடம் சேரவேண்டும் என்றோம். சேர்ந்தும் பயனற்றுப் போன கதை ஒன்றும் உண்டு. நைட் கேப்பிட்டல் என்பது அமெரிக்காவில் பங்குகளை வாங்கி விற்கும் பெருநிறுவனமாக இருந்தது. அதன் எட்டு சர்வர்களில் புதிய புரோகிராமை நிறுவும்போது ஒரு சர்வர் விடுபட்டுப் போயிற்று. 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் காலை 8 மணி 1 நிமிடம் முதல், 9.30 மணிக்குப் பங்குச் சந்தை திறக்கும் முன்பாகவே, பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை நிறுவனத்தின் உள் அமைப்பு தானாகவே ஊழியர் குழு ஒன்றுக்கு அனுப்பியது. அவற்றை எச்சரிக்கை என்று எவரும் வகுத்து வைத்திருக்கவில்லை. வந்தவுடன் படிக்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்தது. விடுபட்ட அந்தச் சர்வரில் இருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட வணிகங்கள் நடந்து முடிந்தன. நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். மறு ஆண்டே அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இதில் இயந்திரத்தின் மீது என்ன குறை காண்பது? அது ஒருமுறையன்று, 97 முறை சொல்லிற்று. ஆனால், ஒரு குழுவுக்கு எழுதப்பட்ட கடிதம் அக்குழுவில் எவருக்குமே எழுதப்படாத கடிதமாகிவிடுவதை நாம் அறிவோம். கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் பொதுவாகச் சொன்ன வேலையைப் பத்துப் பேரும் மற்றவர் செய்வார் என்று விட்டுவிடுவதில்லையா? ஆகவே, எச்சரிக்கை ஒரு பெயருக்குச் செல்ல வேண்டும். அவர் குறித்த நேரத்தில் 'பெற்றேன்' என்று பதில் தராவிடில், அது அடுத்தவருக்குச் செல்ல வேண்டும். நல்ல நிறுவனங்கள் இம்முறையையே கைக்கொள்கின்றன.

புலி வருது, புலி வருது

எல்லாவற்றையும் எச்சரிக்கையாக்கிவிட்டால் பாதுகாப்பு பெருகும் என்று எண்ணுவதும் தவறு. 'புலி வருது' என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அக்கதை புற்றுநோய்ச் சிகிச்சை அறையில் மெய்யாகவே நிகழ்ந்தது.

'தெராக்-25' என்பது கணிப்பொறியால் இயக்கப்பட்ட கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்திற்று. அவர்களில் சிலர் அதனால் மாண்டனர். 1986 மார்ச் மாதத்தில் டெக்ஸாஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை நடந்தபோது திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்ற சொற்கள் தோன்றின. அந்த எண்ணின் பொருளை உணர்த்தும் விளக்கம் இயக்குபவர் கையில் இல்லை. மிகக் குறைந்த அளவே செலுத்தப்பட்டதாகத் திரை காட்டிற்று. அந்த இயந்திரம் சிறு காரணங்களுக்கெல்லாம் நிற்பதும், 'தொடர்க' என்னும் விசையை அழுத்தினால் மீண்டும் இயங்குவதும் அன்றாட வழக்கம். ஆகவே, வழக்கம்போல் விசை அழுத்தப்பட்டது. உள்ளே நோயாளி தனியே இருந்தார். அவரைக் கண்காணிக்கும் காமிராவின் திரைக்கு அன்று மின் இணைப்புத் தரப்பட்டிருக்கவில்லை. குரலைக் கேட்கும் கருவியும் பழுதாகியிருந்தது. முதல் அதிர்ச்சியில் எழ முயன்றவர் இரண்டாம் முறையும் தாக்குண்டு, கதவைத் தட்டிய பின்னரே வெளியே இருந்தவர்க்கு விபரீதம் தெரியவந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.

இயக்கியவரைக் குறை கூறுவது எளிது. ஆனால், பொருளற்ற எச்சரிக்கைகளை நாள்தோறும் காட்டி, அவற்றைத் தள்ளிவிட்டு மேலே செல்ல அவரைப் பழக்கியது அந்த இயந்திரமே என்பதை மறக்கலாகாது. நல்ல பிழைச்செய்தி மூன்றினைச் சொல்ல வேண்டும்: என்ன நேர்ந்தது, அதனால் என்ன தீங்கு விளையும், இப்போது செய்யத் தகுந்தது யாது. இம்மூன்றும் இல்லாத எண்ணும் எழுத்தும் வெறும் ஓசையாகும்.

மௌனம் நலத்தின் அறிகுறியா?

செய்தி ஒன்றும் வரவில்லையெனில் எல்லாம் நலமே என்று கருதுகிறோம். 2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் இக்கருத்து பெரும் விலை கேட்டது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்னும் மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2 மணி 14 நிமிட அளவில் எச்சரிக்கை ஒலிக்கும் புரோகிராமே செயலற்றுப் போயிற்று. 'நான் செயலிழந்தேன்' என்று அது சொல்லவில்லை. சொல்லவும் அதற்கு வழியில்லை. பின்னர் சர்வரும், அதற்கு மாற்றாக நின்ற மற்றொரு சர்வரும் விழுந்தன. அச்செய்தி கணிப்பொறிப் பராமரிப்பாளர்களுக்குத் தானாகவே எட்டியது. அவர்களும் சீர்செய்ய முனைந்தனர். ஆனால், மின்பாதைகளைக் காவல் புரிந்த இயக்குநர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அமைதியான திரைகளையே அவர்கள் நம்பியிருந்தனர். வெளியிலோ உயரழுத்தக் கம்பிகள் தாழ்ந்து மரங்களில் உரசி ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். காரணங்கள் பல, அவற்றுள் இந்த மௌனம் முக்கியமானது.

நம் தெருக்களில் கூர்க்கா இரவுக் காவலர் தடியைத் தட்டிக்கொண்டும் விசில் ஊதிக்கொண்டும் செல்வது கள்வனை விரட்ட மட்டும்தானா? 'நான் விழித்திருக்கிறேன்' என்று வீட்டாருக்கு உணர்த்தவும்தான். ஓர் இரவு விசில் கேட்கவில்லையெனில், காவலருக்கு என்ன ஆயிற்றோ என்று எழுந்து பார்க்கிறோம். ஆளில்லாக் கணிப்பொறிக்கும் அதே முறை வேண்டும். கோளாறு நேர்ந்தால் மட்டும் செய்தி அனுப்பினால் போதாது. குறித்த இடைவெளியில் 'நலமாக உள்ளேன்' என்னும் செய்தியையும் அது அனுப்ப வேண்டும். அதனை எதிர்நோக்கி வேறொரு கணிப்பொறி காத்திருக்க வேண்டும். நலச்செய்தி நின்றால், அந்த நிற்றலே எச்சரிக்கை.

மனிதர் செல்லவேண்டிய இடம்

கோளாறு நேர்ந்தால் தானே மீண்டும் இயங்குமாறு அமைத்துவிட்டால் மனிதரே தேவையில்லை என்று சிலர் எண்ணலாம். 2024 ஜூலை 19ஆம் நாள் அவ்வெண்ணத்தின் எல்லையைக் காட்டிற்று. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பித்தல் ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நிலைகுலைந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அனுப்பப்பட்ட 78 நிமிடங்களில் அந்தப் புதுப்பித்தல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், ஏற்கெனவே வீழ்ந்தவற்றுள் மிகப் பல தாமாக எழவில்லை. நீலத்திரையைக் காட்டி, அணைந்து, எழுந்து, மீண்டும் நீலத்திரைக்கே திரும்பின. தானியங்கி மறுதொடக்கம் அங்கே நோயையே சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்கள் பலவற்றிடம் நேரில் சென்று, சிறப்பு முறையில் இயக்கி, பழுதான கோப்பினை நீக்க வேண்டியதாயிற்று. தகவல் பூட்டப்பட்ட கணிப்பொறிகளில் நீண்ட மீட்பு எண்ணையும் உள்ளிட வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. மீட்பு எண்களைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்திருந்தோரும், பேனாவும் காகிதமும் கொண்டு பணியைத் தொடரத் தெரிந்தோரும் அன்று ஓரளவு தப்பினர்.

நாம் செய்யக்கூடியவை

இவை பெரிய இடத்துச் செய்திகள் என்று ஒதுக்க வேண்டாம். நமது பங்கு அலுவலகத்திலும் பள்ளியிலும் கடையிலும் ஆளில்லாமல் இயங்கும் கணிப்பொறிகள் உள்ளன. கண்காணிப்புக் காமிராவின் பதிவுக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டு பழுதானால் அது 'கீச் கீச்' என ஒலிக்கும். தொந்தரவு என்று அவ்வொலியை ஒருவர் நிறுத்திவிடுகிறார். பல மாதங்கள் சென்று ஒரு திருட்டு நேர்ந்த பின்னர், பதிவு ஏதுமில்லை என்பது தெரியவருகிறது. இரவில் தானாகப் பிரதி எடுக்கும்படி அமைத்த பள்ளிக் கணக்குகளும் இவ்வாறே பிரதியின்றி நிற்பதுண்டு.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. பொறுப்பாளர் ஒருவரையும், அவர் இல்லாதபோது மற்றொருவரையும் பெயர் சொல்லி நியமிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பினை மீட்டுப் பார்த்து, அது உண்மையிலேயே பயன்படுமா எனச் சோதிக்கலாம். மின்தடைக்குப் பின் கணிப்பொறி தானே எழுகிறதா என்பதை ஓய்வான ஒரு நாளில் பரிசோதிக்கலாம். கடவுச்சொற்களையும் மீட்பு எண்களையும் அதே கணிப்பொறிக்குள் வைக்காமல் தாளில் எழுதிப் பூட்டி வைக்கலாம்.

மற்றொன்றும் கூற விரும்புகிறோம். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறி நிறுவனங்களில் இரவுப் பணியில் உள்ளனர். இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. மகளோ மருமகனோ உறக்கம் கலைந்து எழுந்து ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். என்ன வேலையோ இது என்று பெற்றோர் சலித்துக்கொள்கிறோம். எங்கோ ஒரு பூட்டிய அறையில் எழுந்த குரலுக்கு அவர் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார். அவர் எழுந்ததால் ஒரு மருத்துவமனையின் பதிவேடு தப்பியிருக்கலாம். முதியவர் ஒருவரின் ஓய்வூதியம் உரிய நாளில் சேர்ந்திருக்கலாம். அவருக்குப் பகலில் அமைதியாக உறங்க வீட்டில் இடமளிப்பது நம் கடமை. ஒரே ஆளை நாள்தோறும் எழுப்பாமல் முறைவைத்துப் பணியைப் பகிர்ந்தளிப்பதும், தேவையற்ற எச்சரிக்கைகளைக் களைந்து தேவையானவற்றுக்கு மட்டும் அவரை எழுப்புவதும் நிறுவனத்தாரின் கடமை. களைத்த கண்ணுக்கு முன் எந்த எச்சரிக்கையும் வீணே.

ஆளில்லாமல் இயங்கும் இயந்திரங்கள் இனியும் பெருகும். அவற்றைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. இயந்திரத்தைத் தனியே விடலாம்; அதன் பொறுப்பைத் தனியே விட இயலாது. இவ்வாரமே நம் அலுவலகத்தில் உள்ள கணிப்பொறியின் அருகே சென்று, 'இது இன்றிரவு நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?' என்று கேட்டுப் பார்ப்போம். விடையாக ஒரு பெயர் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில், அந்தப் பெயரை இன்றே எழுதி வைப்போம்.